கரையத்தான் வேண்டும், ஆனால் எப்போது? மருந்து சுமக்கும் சிலிக்கான் துகள்கள்

கோவை சிங்காநல்லூரில் இருக்கும் என் மாமா முப்பது வருஷத்துக்கு மேல் பவுண்டரியில் மோல்டராக இருந்தவர். மணலைப் பற்றி அவரிடம் பேசி யாரும் ஜெயிக்க முடியாது. ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். விரலைத் திறந்து, அந்த உருண்டையை நடுவில் ஒடித்துப் பார்ப்பார். ஒடிந்த இடம் உதிராமல் நின்றால் ஈரம் சரி, அச்சு போடலாம். மீட்டரெல்லாம் அப்புறம்தான்.

போன மாதம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. மணலிலிருந்து செய்த துகளில் மருந்தை அடைத்துப் புற்றுநோயைக் குணமாக்குகிறார்கள் என்று. மாமா உடனே கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மணி, மணல் தூசி நெஞ்சுல அடைச்சு என்கூட வேலை செஞ்சவங்க ரெண்டு பேரு போய்ச் சேந்தாங்க. அதையவே இப்ப ஊசியில போடறாங்களாமா? என்ன கூத்து இது?"

நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் போனில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே நேரில் போய், இரண்டு டம்ளர் காப்பி முடியும்வரை பேசினேன். அப்போது சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

பெயர்க் குழப்பம்

முதல் சிக்கல் பெயரில்தான். சிலிக்கான் என்பது ஒரு தனிமம். செல்போன் சிப்பும் சோலார் பேனலும் அதில்தான் செய்கிறார்கள். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் சிலிக்கா. ஆற்று மணலில் பெரும்பகுதி அதுதான். ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஒட்ட "சிலிக்கான் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த ட்யூபில் இருப்பது சிலிக்கோன் என்ற ரப்பர் மாதிரியான மூன்றாவது பொருள். இந்தக் கட்டுரை சிலிக்கானைப் பற்றியது. சிலிக்காவும் நடுவில் வந்துபோகும். ரப்பருக்கு இங்கே வேலை இல்லை.

மாமாவின் பயம் நியாயமானது. பவுண்டரியிலும் கல் குவாரியிலும் பறப்பது படிகச் சிலிக்காவின் தூசி. நுரையீரலின் அடிவரைக்கும் போகும், ஆனால் அங்கே கரையாது. அதை விழுங்கித் தீர்க்க வரும் செல்கள் தீர்க்க முடியாமல் செத்துப்போகின்றன. மறுபடி மறுபடி இது நடந்து நுரையீரலில் தழும்பு கட்டுகிறது. அதுதான் சிலிக்கோசிஸ்.

கேடு சிலிக்கான் என்ற பெயரில் இல்லை, கரையாத வடிவத்தில் இருக்கிறது. மருந்துக்காகச் செய்யும் துகள் கரையக்கூடியது. நுண்துளை போட்ட சிலிக்கான் உடம்பின் நீரில் மெல்ல சிலிசிக் அமிலமாக மாறும். பயப்பட வேண்டிய அமிலம் இல்லை அது. நாம் குடிக்கும் தண்ணீரிலும் சாப்பிடும் தானியத்திலும் கொஞ்சம் இருப்பதுதான், சிறுநீரில் வெளியேறிவிடும்.

ஆக இதுவரை: மணல் தூசியும் இந்தத் துகளும் தூரத்துச் சொந்தம்தான், குணம் வேறு. முன்னது தங்கிவிடும், பின்னது கரைந்துபோகும்.

துளை எதற்கு?

பொள்ளாச்சிப் பக்கம் போனால் தென்னை நார்க்கழிவை அழுத்திக் கட்டியாக்கி அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். ஐந்து கிலோ கட்டி ஒன்றைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சி உறிஞ்சி ஏறக்குறைய 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். அத்தனை தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள்தான் போய் உட்காருகிறது. பிறகு செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

நுண்துளைச் சிலிக்கான் செய்வதும் இதே வேலைதான், அளவு மட்டும் மிகச் சிறியது. மருந்துக்குப் பயன்படும் துளைகளின் அகலம் பொதுவாக 2 முதல் 50 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே 10 நானோமீட்டர் துளைகளை வரிசையாக வைத்தால் பல ஆயிரம் வைக்கலாம். இத்தனை துளைகளின் உள்சுவரையும் பிரித்து விரித்தால் ஒரு கிராம் துகளில் சில நூறு சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். 400 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பத்து சென்ட் நிலம். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் வீட்டு மனையே இருக்கிறது என்றதும் மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. என் பார்வையில் இதுதான் முக்கியம். கல்கண்டை வாயில் போட்டால் கரைய நேரமாகும். பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதுமே காணாமல் போகும். இரண்டும் சர்க்கரைதான். கல்கண்டில் மூலக்கூறுகள் செங்கல் அடுக்கியதுபோல் ஒழுங்காக இறுகி நிற்கின்றன. அது படிகம். பஞ்சுமிட்டாயில் அவை தாறுமாறாகக் கிடப்பதால் தண்ணீர் சுலபமாகப் பிரித்துவிடுகிறது. பல மருந்துகள் கல்கண்டு கட்சி. ஈரோட்டு மஞ்சளையே பாருங்கள். டம்ளரில் கலக்கி வைத்தால் அடியில் வண்டலாகத் தங்குகிறது. அதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். இப்படி அடம்பிடிக்கும் மருந்தைப் பத்து நானோமீட்டர் துளைக்குள் அடைத்தால், படிகமாக அடுக்கிக்கொள்ள இடம் போதாமல் தாறுமாறாகவே கிடக்கும். வெளியே வரும்போது சீக்கிரம் கரையும். 2005இல் பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகக் குழு ஐபுபுரூஃபன், ஃபியூரோசெமைடு உட்பட ஐந்து மருந்துகளை இப்படி ஏற்றி, அவை எப்படி வெளிவருகின்றன என்று அளந்து வெளியிட்டது.

துளை விழும் விதம்

நானோமீட்டர் அளவில் ஓட்டை போடும் துரப்பணம் கிடையாது. சிலிக்கான் தகட்டை ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் எத்தனாலும் கலந்த கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். மின்னோட்டம் துளையின் அடிநுனியில் குவிவதால் அமிலம் அங்கேயே மேலும் மேலும் அரித்துக்கொண்டு போகும், சுவர்கள் நின்றுவிடும். கடைசியில் மின்னோட்டத்தைச் சட்டென்று ஏற்றினால் துளைபட்ட படலம் தகட்டிலிருந்து கழன்று வரும். அதை ஒலி அதிர்வில் உடைத்தால் துகள்.

1956இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஊலிர், இங்கபோர்க் ஊலிர் தம்பதி சிலிக்கானைப் பளபளப்பாக்க முயன்றபோது தற்செயலாகக் கிடைத்தது இது. அப்போது வேண்டாத கறையாகத்தான் தெரிந்தது. 1990இல் இங்கிலாந்தின் லீ கேனம், இது புற ஊதா ஒளியில் சிவப்பாக ஒளிர்வதைக் காட்டினார். 1995இல் அவரே இது உடம்பின் திரவத்தை ஒத்த கரைசலில் கரையக்கூடியது, உடம்புக்குள் பயன்படுத்தத் தோதானது என்றும் காட்டினார். மருந்துக் கதை அங்கேதான் ஆரம்பம்.

அந்த அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியையே கரைக்கும். தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிகூடத் தெரியாது, உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. யூடியூப் பார்த்து வீட்டில் முயலும் வேலை இல்லை இது.

புதுத் துகளின் முன்கோபம்

படிக்கும் காலத்தில் ஒருமுறை, புதிதாகச் செய்த துகளைச் சற்றே காரமான கரைசலில் போட்டு, குப்பியை இறுக மூடிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் மூடி மேசைக்கு அடியில் கிடந்தது. குப்பியில் பழுப்புத் துகளில் பாதி இல்லை, மீதி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூடியைத் தள்ளியது ஹைட்ரஜன் வாயு. பக்கத்து மேசையில் நான் மறந்து வைத்திருந்த படலமும் அந்த ஐப்பசி ஈரக்காற்றில் சில வாரத்தில் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தது. கை படாமலேயே அது ஆக்சிஜனை வாங்கிக்கொண்டிருந்ததன் அடையாளம் அந்த நிறமாற்றம்.

காரணம் இதுதான். ஒவ்வொரு சிலிக்கான் அணுவுக்கும் நான்கு கைகள். உள்ளே இருக்கும் அணுக்கள் நான்கு பக்கமும் அக்கம்பக்கத்து அணுக்களைப் பிடித்திருக்கும். மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு வெளிப்பக்கம் பிடிக்க ஆளில்லை. அமிலத்திலிருந்து வந்த ஹைட்ரஜனைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தப் பிடி தளர்வு. ஆக்சிஜனோ தண்ணீரோ வந்தால் விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். பத்து சென்ட் பரப்பு முழுக்க இப்படித் தளர்ந்த கைகள் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் வரும் தொல்லைகளில் முதலாவது, அலமாரியில் இருக்கும்போதே துகள் மாறிக்கொண்டிருக்கும். இன்று ஏற்றிய மருந்தும் அடுத்த மாதம் ஏற்றிய மருந்தும் ஒரே மாதிரி வெளிவராது. அடுத்தது, உடம்புக்குள் போனதும் சேர வேண்டிய இடம் சேரும் முன்பே கரைந்துவிடலாம். மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை: மேற்பரப்பு மருந்தையே கெடுத்துவிடும். தளர்ந்த கைகள் மருந்து மூலக்கூறோடும் வினைபுரியும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. நார்க்கழிவை நேராகச் செடிக்கு வைத்தால் செடிக்குப் போக வேண்டிய கால்சியத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஏற்றுமதிக்கு முன் உப்பைக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அதன் பசியை முதலிலேயே அடக்கிவிடுகிறார்கள்.

துகளின் பசியை அடக்கும் வேலைக்குத்தான் நிலைப்படுத்துதல் என்று பெயர். இந்தச் சொல்லைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அழியாமல் ஆக்குவது என்று நினைக்கிறார்கள். அப்படி ஆக்கிவிட்டால் அது மாமா பயப்படும் மணல் தூசிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடும். நிலைப்படுத்துதல் என்றால் அழியும் நேரத்தை நாம் குறித்துக்கொடுப்பது. சில மணி நேரமா, சில நாளா, சில வாரமா என்பதை மருந்தும் நோயும் தீர்மானிக்க வேண்டும், காற்றும் ஈரமும் இல்லை.

தோசைக்கல்லைப் பழக்குவது போல

புது இரும்புத் தோசைக்கல்லை அப்படியே அடுப்பில் வைத்தால் தோசை ஒட்டும், கழுவி வைத்தால் மறுநாள் துரு. எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) அதில் நல்லெண்ணெய் தடவி, சூடாக்கி, வெங்காயத்தால் தேய்த்து, ஆறவிட்டு, மறுபடி தடவி, இரண்டு மூன்று நாள் இதே வேலையாக இருக்கும். எண்ணெய் சூட்டில் மாறி, இரும்போடு ஒட்டிய கறுப்புப் படலமாகிவிடும். கல் அதே கல்தான், மேல்தோல் மட்டும் வேறு. துகளுக்குச் செய்வதும் மேல்தோல் மாற்றம்தான்.

இருப்பதில் எளிய வழி, காற்றில் 300, 400 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவது. எப்படியும் வரப்போகும் ஆக்சிஜனை நாமே கட்டுப்பாடாக வரவைத்துவிடுகிறோம். துளைச்சுவரில் மெல்லிய சிலிக்காத் தோல் படியும், முன்கோபம் அடங்கும், தண்ணீரும் உள்ளே சுலபமாக நனைக்கும். ஆனால் சிலிக்கான் சிலிக்காவாக மாறும்போது கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். சுவர் தடித்துத் துளை குறுகும். அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வீடு முழுக்கச் சுவர்தான், குடியிருக்க அறை இருக்காது.

அடுத்த வழிக்குக் கோவையின் கணபதி, பீளமேடு பகுதிப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த வாயு உதவுகிறது: கேஸ் வெல்டிங்கில் எரிக்கும் அசிட்டிலீன். துர்க்கு குழு இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. காற்று புகாமல் நைட்ரஜனோடு அசிட்டிலீனைச் செலுத்தி, சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்த வாயு உடைந்து துளைச்சுவரில் ஹைட்ரோகார்பன் தோலாக ஒட்டிக்கொள்கிறது. பழக்கிய தோசைக்கல் போலவே தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு. இன்னும் சூட்டை ஏற்றினால் ஹைட்ரஜன் போய், கார்பன் சிலிக்கானோடு இறுகி, தண்ணீரை ஏற்கும் வேறொரு தோல் கிடைக்கும். ஆக்சைடு தோலைவிட இவை உறுதி. கார்பனும் சிலிக்கானும் பிடிக்கும் பிடியைத் தண்ணீர் லேசில் பிரிக்காது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது, அதில் நம் காட்டுப்பயிர் ஒன்று வருகிறது. சேலம், நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் ஆமணக்கு விதைப்பார்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளக்கெண்ணெயை அதிகச் சூட்டில் உடைத்தால் அன்டெசிலினிக் அமிலம் என்ற பொருள் கிடைக்கிறது. சேற்றுப்புண் மாதிரியான பூஞ்சைத் தொல்லைக்குக் களிம்பில் சேர்ப்பது அதைத்தான்.

இதன் மூலக்கூறு 11 கார்பன் நீளமுள்ள சங்கிலி. ஒரு முனையில் எளிதில் வினைபுரியும் இரட்டைப் பிணைப்பு, மறுமுனையில் அமிலம். துகளை இதில் மூழ்கவைத்து சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால், இரட்டைப் பிணைப்பு முனை சிலிக்கானைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அமில முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது துகளுக்கு மேல் ஒரு புல்வெளி. சங்கிலிகளின் எண்ணெய்த் தன்மை தண்ணீரைச் சுவரை நெருங்கவிடாமல் தள்ளுகிறது. நுனியில் இருக்கும் அமிலமோ கொக்கியாகிறது. அதில் மருந்தை மாட்டலாம், குறிப்பிட்ட செல்லைத் தேடிப் பிடிக்கும் புரதத்தை மாட்டலாம். வேலியும் ஆச்சு, கொடி கட்டக் கம்பும் ஆச்சு.

சுருக்கமாக: மூன்று வழியிலும் தளர்ந்த ஹைட்ரஜன் பிடியை உறுதியான பிடியாக மாற்றுகிறோம். ஆக்சிஜன் பிடி சுலபம், ஆனால் துளை குறுகும். கார்பன் பிடி உறுதி, செய்முறை கொஞ்சம் பெரிது.

மதுக்கரைக்குத் தெரிந்த வித்தை

இதுவரை சொன்னது சுவருக்கு. மருந்தை ஏற்றிய பிறகு வாசலை மூட வேண்டாமா? ஊறவைத்து ஏற்றிய மருந்து அதே வழியாகக் கசிந்துவிடுமே. இங்கேதான் துகளின் கெட்ட குணத்தையே உபயோகப்படுத்துகிற ஒரு வழி வருகிறது. அமெரிக்காவின் சான் டியாகோவில் மைக்கேல் சைலர் குழு 2016இல் வெளியிட்டது. துகளையும் மருந்தையும் செறிவான கால்சியம் குளோரைடு கரைசலில் கலந்தார்கள். துகள் விளிம்பில் கொஞ்சம் கரைந்து சிலிசிக் அமிலம் வெளிவருகிறது. அங்கேயே கால்சியம் அதைப் பிடித்துக் கால்சியம் சிலிகேட்டாகப் படிந்து வாசலை அடைத்துவிடுகிறது. மருந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. மருந்து ஏற்றுவதும் மூடி போடுவதும் ஒரே வேலையாக முடிந்தது.

கோவைக்குப் பக்கத்தில் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லில் செய்யும் சிமென்ட் தண்ணீர் பட்டு இறுகுவதும் கால்சியம் சிலிகேட்டால்தான். மாமாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பவுண்டரியில் கோர் (வார்ப்புக்குள் குழிவு விழ வைக்கும் மணல் அச்சு) செய்யும் மணலைச் சோடியம் சிலிகேட்டில் பிசைந்து, கார்பன்டையாக்சைடு விட்டு நொடியில் கல்லாக்கியவர் அவர். "அட, அதேதான?" என்றார். அதே குடும்பம்தான்.

உள்ளே போன பிறகு

வயிற்று அமிலத்தில் இந்தத் துகள் மெதுவாகத்தான் கரையும், காரப்பக்கம் போகப் போக வேகம் கூடும். அதனால் மாத்திரையாகக் கொடுத்தால் வயிற்றைத் தாண்டிக் குடலில் மருந்தை விடவைக்க வாய்ப்பு உண்டு. ரத்தத்தில் செலுத்தினால் வேறு தொல்லை. ரத்தப் புரதங்கள் ஒட்டிக்கொள்ளும், கல்லீரலும் மண்ணீரலும் வேண்டாத விருந்தாளி என்று பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். அதைத் தாமதப்படுத்தத் துகளுக்குச் சர்க்கரைச் சங்கிலியாலான மேல்சட்டை ஒன்று போடுவார்கள். 2009இல் சைலர் குழு டெக்ஸ்ட்ரான் சட்டை போட்ட துகளை எலிகளுக்குச் செலுத்தியது. அதுவும் அந்த உறுப்புகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் நான்கு வாரத்துக்குள் உறுப்புகளிலிருந்து நீங்கிவிட்டது. அந்த நான்கு வாரம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தங்க நானோத் துகளானால் இப்படிக் கரைந்து போகாது.

எலி எலிதான். வாட்ஸ்அப் செய்தி சொன்னதுபோல் நாளைக்கே மருந்துக்கடையில் வாங்கும் சமாசாரம் இல்லை இது. ஒவ்வொரு முறை செய்யும்போதும் ஒரே அளவில் துளை விழ வேண்டும், கிலோக் கணக்கில் செய்ய வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும். மின்சிப்புக்கான தகட்டை அரித்துச் செய்வது செலவு என்பதால், நெல் உமியிலும், மூங்கில் தண்டுக்குள் படியும் மூங்கிலுப்பிலும் இருக்கும் சிலிக்காவை மெக்னீசியத்தோடு சூடாக்கி ஆக்சிஜனைப் பறித்து நுண்துளைச் சிலிக்கான் எடுக்கும் வழியையும் முயன்றிருக்கிறார்கள். உமிக்கரியில் பல் தேய்த்த தலைமுறைக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "மணலுன்னா நான் புடிச்சுப் பாத்துச் சொல்லிருவேன். இந்தத் தூளு சொன்ன நாளுல கரையுமான்னு எப்படியம்மணி பாப்பீங்க?"

"அதுக்கும் ஒரு கைப்பிடி இருக்குதுங்க மாமா" என்றேன். துகளை உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், ரத்தத்தின் காரத்தன்மை உள்ள கரைசலில் போட்டு வைப்போம். மணிக்கொரு தரம் கொஞ்சம் எடுத்து வடிகட்டி, மாலிப்டேட் என்ற உப்பைச் சேர்த்து, பிறகு அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கும் இன்னொரு பொருளையும் விடுவோம். கரைந்து வந்த சிலிசிக் அமிலம் இருந்தால் நீலமாகும். எவ்வளவு அழுத்தமான நீலமோ அவ்வளவு கரைந்திருக்கிறது. முதல் மணிக் குழாய் தண்ணீர் போலத் தெளிந்து, கடைசிக் குழாய் சொட்டு நீலம் போட்டதுபோல் நின்றால் கணக்குச் சரி.

"முதக் குழாயே நீலமா வந்துட்டா?"

"பூச்சு சரியில்லைன்னு அர்த்தங்க. மறுபடி முதல்லயிருந்து."

"கோர் உடைஞ்ச மாதிரி" என்று சொல்லிவிட்டு மாமா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.